நொடோரியஸ் என்றொரு வரவேற்பு

சில ஆண்டுகளுக்கு முன் வெளியூர்க் கல்லூரி ஒன்றில் நடந்த இலக்கிய விழாவுக்கு எங்கள் மாணவர் நால்வரை அழைத்துச் சென்றிருந்தேன். கல்லூரியின் பெயர் இங்கே தேவையில்லை. வந்திருந்த கல்லூரிகளுக்கு ஆளுக்கொரு பொறுப்பு தந்தார்கள். சிறப்பு விருந்தினரை இரண்டு நிமிடம் ஆங்கிலத்தில் அறிமுகம் செய்யும் பொறுப்பு எங்கள் மாணவி ஒருத்திக்கு வாய்த்தது. மேலநீலிதநல்லூருக்குப் பக்கத்துக் கிராமம். தகப்பனார் சங்கரன்கோவிலில் விசைத்தறிக்குப் போகிறவர். அந்த வீட்டில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் அவள்தான். இரண்டு இரவு கண்விழித்து எழுதி, மனப்பாடம் செய்து, நடுக்கமில்லாமல் மேடையேறினாள். விருந்தினரின் பட்டங்களைச் சொன்னாள், நூல்களைச் சொன்னாள். பிறகு குரலைச் சற்று உயர்த்தி, ‘ஹி இஸ் எ நொடோரியஸ் ஸ்காலர்’ என்றாள்.

அரங்கம் வெடித்துச் சிரித்தது. முன்வரிசைப் பேராசிரியர்கள் சிரித்தார்கள். விருந்தினரும் சிரித்தார். எதற்கென்று தெரியாமல் அவளும் கொஞ்சம் சிரித்தாள். மிச்சத்தையும் ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்துவிட்டுத்தான் இறங்கினாள். திரும்பும் பேருந்தில் சங்கரன்கோவில் தாண்டும்வரை பேசவில்லை. அப்புறம் கேட்டாள்: “அர்த்தம் சரியாத்தானய்யா போட்டிருந்துச்சு?”

போட்டுத்தான் இருந்தது. பைக்குள்ளிருந்து அவள் எடுத்துக் காட்டியது ஒரு நகலெடுத்த புத்தகம். ஏதோ ஒரு பயிற்சி மையம் கட்டணம் வாங்கிக்கொண்டு கொடுத்தது. ஆயிரம் உயர்தர ஆங்கிலச் சொற்கள். இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ். ‘நொடோரியஸ்’ என்பதற்கு எதிரே ‘பெயர்பெற்ற’ என்று ஒரே ஒரு சொல். அந்தப் புத்தகத்தைப் பொறுத்தவரை அவள் பிழையேதும் செய்யவில்லை.

பெயர்பெற்ற திருடன், பெயர்பெற்ற சூதாடி என்று தமிழிலும் சொல்கிறோம். பெயர்பெற்ற மருத்துவர் என்றும் சொல்கிறோம். நம் சொல் இரண்டு பக்கமும் போய்வரும். ஆங்கிலச் சொல் போகாது. ஆனால் அதுவும் ஒரு காலத்தில் போய்வந்த சொல்தான் என்பது வேடிக்கை. ‘அறியப்பட்ட’ என்று பொருள்படும் இலத்தீன் வேரிலிருந்து பிறந்து, ஆங்கிலத்தில் நுழைந்த தொடக்கத்தில் ‘எல்லாரும் அறிந்த’ என்ற நடுநிலைப் பொருளே தந்தது. திருடன், பொய்யன், துரோகி என்ற பெயர்களுக்கு முன்னால் அடிக்கடி நின்று நின்று, பதினேழாம் நூற்றாண்டுவாக்கில் அந்தக் கறை அதன்மேலேயே ஏறிவிட்டது. ‘எக்ரீஜியஸ்’ என்ற சொல்லின் கதை இன்னும் பரிதாபம். மந்தையிலிருந்து தனித்துத் தெரிவது என்பது அதன் வேர்ப்பொருள். மேன்மையைச் சுட்டிய சொல் அது. இன்று படுமோசமான பிழைக்கு மட்டுமே அடைமொழியாகிறது.

இது ஆங்கிலத்துக்கு மட்டும் நேர்ந்த விபத்தன்று. நாற்றம் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். சங்கப் புலவர்கள் மலருக்குச் சொன்ன சொல். ஆண்டாளும் நாறுதல் என்னும் வினையை நறுமணத்துக்கே ஆண்டாள். பேரகராதியைப் பார்த்துத் தமிழ் கற்ற ஒரு வெளிநாட்டார் நம் வீட்டுக்கு வந்து, ‘உங்கள் வீட்டுச் சாம்பார் நல்ல நாற்றம்’ என்றால் நாம் என்ன செய்வோம்? சிரிப்போம். ஆனால் அது வேறு சிரிப்பு. ‘அடடா, எவ்வளவு ஆழமாகப் படித்திருக்கிறார்’ என்ற வியப்பும் அதில் கலந்திருக்கும். அந்த அரங்கில் எங்கள் மாணவிக்குக் கிடைத்த சிரிப்பில் அந்த வியப்பு இல்லை. வெளிநாட்டாரின் பிழை அவருடைய உழைப்புக்குச் சான்றாகிறது. விசைத்தறித் தொழிலாளியின் மகள் செய்த பிழையோ அவள் பிறந்த இடத்துக்குச் சான்றாக்கப்படுகிறது. அதற்குப் பிறகு ஓராண்டு அவள் எந்த மேடையிலும் ஏறவில்லை. இதை எழுதத் தூண்டியதே அந்த ஓராண்டுதான்.

சொற்பட்டியல் வணிகம் புதிதன்று. நார்மன் லூயிஸின் ‘வேர்ட் பவர் மேட் ஈசி’ 1949இல் வந்த நூல். இன்றைக்கும் நம் ஊர்களின் நடைபாதைப் புத்தகக் கடைகளில் கிடைக்கிறது. (அதைக் குறைசொல்ல மாட்டேன். அவர் வேர்ச்சொல்லிலிருந்து தொடங்கிக் கதைபோல் சொல்லிக்கொண்டு போகிறார், பட்டியல் போடுகிறவரல்லர்.) அமெரிக்க மேற்படிப்புக்கான ஜி.ஆர்.இ. தேர்வுக்கென்று ஆயிரக்கணக்கான சொற்களை நெட்டுருப் போட்ட தலைமுறை ஒன்று நம்மிடையே உண்டு. அவர்களைப் பார்த்துத்தான் ‘உயர்தரச் சொல்’ என்ற மயக்கம் சிற்றூர்க் கல்லூரிகளுக்கும் இறங்கியது. ஆனால் அந்தத் தேர்வை நடத்துகிறவர்களே மனம் மாறிவிட்டார்கள் என்ற செய்தி மட்டும் இறங்கி வரவில்லை. 2011இல் ஜி.ஆர்.இ. தேர்விலிருந்து எதிர்ச்சொல் வினாக்களையும் ஒப்புமை வினாக்களையும் எடுத்துவிட்டு, வாக்கியத்துக்குள் பொருந்தும் சொல்லைக் கேட்கும் வினாக்களை வைத்தார்கள். எஸ்.ஏ.டி. தேர்வு எதிர்ச்சொற்களை 1994லேயே கைவிட்டது. தனியே நிற்கும் சொல்லைத் தெரிந்துவைத்திருப்பதால் மொழி தெரிந்ததாகாது என்று அவர்கள் கண்டுகொண்டபின், அவர்கள் கழித்துக்கட்டிய சரக்கை நாம் காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

நானும் பட்டியலின் பிள்ளைதான் என்பதை ஒத்துக்கொண்டாக வேண்டும். முதுகலை முடித்த புதிதில் வேலைக்கு விண்ணப்பம் எழுதினேன். பழைய மாதிரிக் கடிதப் புத்தகம் ஒன்றில் கண்ட ‘கைண்ட்லி கண்டிசெண்ட்’ என்ற தொடர் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நேர்காணலுக்கு அழைக்கத் ‘தயைகூர்ந்து கண்டிசெண்ட்’ செய்யுமாறு வேண்டிக்கொண்டேன். நேர்காணலில் ஒருவர் அந்த வரியை உரக்கப் படித்து, ‘அவ்வளவு கீழே நாங்கள் இறங்கி வரவேண்டுமா தம்பி?’ என்றார். வேலை கிடைக்கவில்லை, அதற்கு வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். பிற்பாடு ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரிஜுடிஸ்’ நாவலைப் படித்தபோதுதான் விளங்கிற்று. 1813இல் வந்த அந்நாவலில் காலின்ஸ் என்ற அசட்டுப் பாதிரியார், தம் சீமாட்டியின் ‘கண்டிசென்ஷன்’ குணத்தை மனமுருகிப் புகழ்கிறார். மேலோர் தாழ்ந்து வந்து அருளுதல் அன்று அவருக்கு நற்குணம்; ஆஸ்டினுக்கு அப்போதே அது நகைப்பு. இன்று அச்சொல்லுக்கு ஏறக்குறைய ஏளனம் என்றே பொருள். நான் 1813ஆம் ஆண்டுப் பாதிரியாரின் ஆங்கிலத்தில் வேலை கேட்டிருக்கிறேன்!

தமிழ்த்துறைக்காரர்கள் உடனே நிகண்டை நினைவூட்டுவார்கள். திவாகரமும் பிங்கலமும் சூடாமணியும் சொற்பட்டியல்கள்தாமே, திண்ணைப் பள்ளியில் அவற்றை மனப்பாடம் செய்துதானே நம் முன்னோர் புலமை பெற்றார்கள் என்பார்கள். உண்மைதான். மண்டல புருடர் சூடாமணி நிகண்டை விருத்தத்தில் செய்ததே நாவில் நிற்பதற்காகத்தான். ஆனால் நிகண்டு படித்த பிள்ளை நிகண்டோடு நிற்கவில்லை. அந்தாதியும் உலாவும் கோவையும் பிள்ளைத்தமிழும் வரிவரியாக ஆசிரியர் வாயிலிருந்து கேட்டது. நிகண்டு சொன்ன சொல்லை ஆயிரம் பாட்டுகளில் உயிரோடு பார்த்தது. ஞாயிற்றுக்கு எத்தனை பெயர் என்பதை நிகண்டு சொல்லும். எந்தப் பெயரை எந்த இடத்தில் ஆள்வது என்பதைப் பாட்டுதான் சொல்லும். எங்கள் மாணவியின் கையில் நிகண்டு இருந்தது. பாட்டு இல்லை.

இந்த இடத்தில் தொல்காப்பியத்துக்குப் போகாமல் முடியாது. ‘எல்லாம் எங்களிடம் அப்போதே இருந்தது’ என்று மார்தட்டுவதற்காக அன்று. அந்த மார்தட்டலில் எனக்கு ஈடுபாடில்லை. சொல் எதனோடு சேரும் என்ற கேள்வியைத் தொல்காப்பியர் எவ்வளவு நுட்பமாக எடுத்துக்கொள்கிறார் என்பதற்காக. கிளவியாக்கத்தில் ஒரு விதி. வெவ்வேறு வினை கொள்ளும் பல பொருள்களை அடக்கிய பொதுச்சொல்லுக்கு, அவற்றுள் ஒன்றற்கு மட்டும் உரிய வினையைக் கொடுக்கக் கூடாது. உரையாசிரியர்கள் இதை விளக்குமிடம் சுவையானது. அடிசில் என்பது பொதுச்சொல்; அதில் உண்பனவும் உண்டு, தின்பனவும் உண்டு, பருகுவனவும் நக்குவனவும் உண்டு. ஆகவே அடிசில் தின்றார் என்றால் வழு, அடிசில் பருகினார் என்றாலும் வழு. அயின்றார் என்றோ மிசைந்தார் என்றோ பொதுவினையால் சொல்லவேண்டும். இயம் என்றால் கொட்டுவதும் ஊதுவதும் அடங்கும், எனவே இயம்பினார். படை என்றால் எய்வதும் எறிவதும் வெட்டுவதும் குத்துவதும் அடங்கும், எனவே வழங்கினார். தாமிரபரணிக் கரையிலுள்ள ஆற்றூரைச் சேர்ந்தவர் என்று சொல்லப்படும் சேனாவரையரின் உரையில் இதைப் படிக்கும்போதெல்லாம், நெல்லை வட்டாரத்து ஆசிரியர் ஒருவர் மாணவனின் வாக்கியத்தைத் திருத்திக்கொண்டிருப்பதாகவே எனக்குத் தோன்றும்.

எச்சவியலில் இன்னொன்று. ஈ, தா, கொடு ஆகிய மூன்றும் ஒருவரிடம் ஒன்றைக் கேட்பதற்கான சொற்கள். அகராதியில் மூன்றுக்கும் ஒரே பொருள்தான். தொல்காப்பியர் அவற்றைப் பிரிப்பது பொருளால் அன்று, கேட்கிறவன் நிற்கும் இடத்தால். தாழ்ந்தவன் உயர்ந்தவனிடம் கேட்டால் ஈ. ஒத்தவனிடம் கேட்டால் தா. உயர்ந்தவன் தாழ்ந்தவனிடம் கேட்டால் கொடு. சமூக ஏணி அப்படியே இலக்கணத்துக்குள் ஏறி நிற்கிறது. அதை நாம் இன்று மகிழ்ந்து போற்ற வேண்டியதில்லை. ஆனால் இந்த ஒரு பாடத்தை ஒழுங்காகக் கேட்ட மாணவனுக்கு ஆங்கிலத்தின் ‘கிவ்’, ‘கிராண்ட்’, ‘டொனேட்’, ‘பெஸ்டோ’ ஆகியவற்றை விளக்க ஐந்து நிமிடம் போதும். விடுப்பு விண்ணப்பத்தில் ‘ஒருநாள் விடுப்பை எனக்கு பெஸ்டோ செய்க’ என்று எழுதுகிற மாணவன், தெய்வத்திடம் வரம் கேட்கும் சொல்லால் துறைத்தலைவரிடம் விடுப்புக் கேட்கிறான். ஈ, தா, கொடு படித்தவனுக்கு இது உடனே உறைக்கும். ஆனால் தமிழ் வகுப்பில் இதைத் தேர்வுக்குரிய நூற்பாவாகவே நடத்துகிறோம். ஆங்கில வகுப்பில் தமிழை எட்டிப் பார்க்கவே விடுவதில்லை. அடுத்தடுத்த இரண்டு அறைகள், நடுவே ஒரு சுவர்.

சொல்லை அதன் சேர்க்கையால் அறிய வேண்டும் என்ற கருத்தை நவீன மொழியியலில் அழுத்திச் சொன்னவர் ஜே.ஆர். ஃபிர்த். 1957இல் அவர் எழுதிய ஒரு வரிதான் இன்றுவரை மேற்கோளாகிறது. அவர் 1920களில் லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர் என்பது பலர் கவனிக்காத செய்தி. மைக்கேல் வெஸ்ட் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றியவர். வங்காளச் சிறுவர்கள் ஆங்கிலம் படிக்கப் படும்பாட்டைக் கண்டு, ஏறத்தாழ 1,500 எளிய சொற்களுக்குள் நின்றே மற்ற சொற்களையெல்லாம் விளக்கும் அகராதியை 1935இல் வெளியிட்டார். ஏ.எஸ். ஹார்ன்பி ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்தவர். நண்பர்கள் இருவரோடு அவர் தொகுத்த அகராதி 1942இல் தோக்கியோவில் வந்தது. 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு அதை எடுத்து வெளியிட்டது. நம் நூலகங்களில் அட்டை கிழிந்து கிடக்கும் ‘அட்வான்ஸ்ட் லேர்னர்ஸ்’ அகராதியின் மூலம் அதுதான். சொல்லுக்குப் பொருள் சொல்வதோடு, அது எந்த வாய்பாட்டில் வரும், அதற்குப் பின்னால் எந்த இடைச்சொல் நிற்கும் என்பதையும் அது சொல்லிக்கொடுத்தது. 1987இல் ஜான் சின்க்ளேரின் கோபில்ட் அகராதி இன்னும் ஒருபடி மேலே போய், பொருளையே முழு வாக்கியமாக எழுதிக் காட்டியது. வெஸ்டும் ஹார்ன்பியும் அகராதி செய்யத் தொடங்கியது நம்மைப் போன்ற ஆசிய மாணவர்களின் திண்டாட்டத்தைப் பார்த்துத்தான். நம்மிடமிருந்து புறப்பட்ட ஞானம் நம்மிடமே திரும்பி வரவில்லை!

தமிழிலும் நல்ல முன்மாதிரி உண்டு. நெல்லைக்காரரான வையாபுரிப் பிள்ளை 1926 முதல் 1936 வரை பதிப்பாசிரியராக இருந்து முடித்துக்கொடுத்த சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்டது. இலக்கியச் சொல்லுக்கு அது எந்த நூலில் வருகிறது என்று சான்று காட்டும். ஆனால் இன்று எழுதுகிற தமிழில் ஒரு சொல் எப்படி நடமாடுகிறது என்று அறிய 1992 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டில் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியைப் புரட்டியவர்களுக்குத் தெரியும். அதன் பெருமை எடுத்துக்காட்டு வாக்கியங்களில் இருக்கிறது. அவற்றில் நம் அண்டைவீட்டார் பேசுவார்கள், அலுவலகம் நடக்கும், பேருந்து தாமதமாக வரும். க்ரியா ராமகிருஷ்ணன் 2008இல் அதை விரிவாக்கி, 2020இல் மூன்றாம் முறையும் திருத்திக் கொண்டுவந்தார்; அதே ஆண்டு நவம்பரில் கொரோனாவுக்குப் பலியானார். ஆங்கிலச் சொல் ஒவ்வொன்றுக்கும் தமிழ்ப் பொருளோடு இப்படியொரு வாக்கியத்தையும் கொடுக்கும் மலிவான அகராதி ஒன்று எங்கள் மாணவர் கைக்கு வந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை.

2022இல் தமிழக அரசு தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தால் கல்லூரிகளுக்குள் ஆங்கிலப் பயிற்சி வந்திருக்கிறது. நல்லது. கட்டணம் கறக்கும் மையங்களை நாடும் தேவை சற்றே குறையும். மாணவர் கைப்பேசியில் செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டது. இப்போதெல்லாம் வரவேற்புரைகளில் ‘நொடோரியஸ்’ வருவதில்லை, பிழையே வருவதில்லை. எல்லா விருந்தினரும் ஒரேபோல் ‘லுமினரி’கள் ஆகிவிட்டார்கள். யார் பேசினாலும் ஒரே குரல். பிழை செய்த அந்தப் பெண்ணின் உரையில் அவள் இருந்தாள். இவற்றில் யாருமே இல்லை.

சிரித்தவர்கள்மீது எனக்குக் கோபம் என்றேன். என் துறை நண்பர்கள் சிலர்மீதும் கோபம் உண்டு. ‘அந்நிய மொழிதானே, பிழையானால் என்ன, வெள்ளைக்காரன் நம் தமிழைச் சரியாகப் பேசினானா’ என்று அவளைத் தேற்றினார்கள். கேட்க இதமாக இருக்கும். ஆனால் சென்னையில் நேர்காணலுக்கு உட்காரப்போவது அவளே தவிர நாங்களல்ல. எங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் ஆங்கிலத்தைச் சரியாகச் சொல்லிக்கொடுத்துவிட்டு, ஊரார் பிள்ளைக்குப் பிழைசெய்யும் உரிமையை வழங்குவது எந்த விதமான மொழிப்பற்று என்று எனக்கு விளங்கவில்லை.

ஒன்றை மட்டும் என்னால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. 2017இல் சசி தரூர் ட்விட்டரில் எழுதிய ஒரு வாக்கியத்தால் ‘ஃபராகோ’ என்ற சொல் இந்தியா முழுதும் பரவியது நினைவிருக்கும். இலத்தீனில் அது கால்நடைக்குப் போடும் கலப்புத் தீவனம். ஆங்கிலத்தில் பொய், பிதற்றல் போன்றவற்றின் கலவைக்கே பெரும்பாலும் வழங்கும். அதற்குச் சில மாதங்களுக்குப் பின் ஒரு மாணவன் சங்கரன்கோவில் பூச்சந்தையைப் பற்றிய கட்டுரையில் ‘எ ஃபராகோ ஆஃப் ஃபிளவர்ஸ்’ என்று எழுதியிருந்தான். ஆங்கிலத்துறை நண்பர் சிவப்பு மையால் சுழித்துவிட்டு என்னிடம் காட்டிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விடியற்காலையில் பிச்சியும் மல்லிகையும் கேந்தியும் தரையில் குவிந்து, மிதிபட்டு, தண்ணீர் தெளித்த சாக்குகளோடு கலந்து கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு அது தீவனக் குவியலாகவும் தோன்றக்கூடும். பெயர்பெற்ற கவிஞர் ஒருவர் எழுதியிருந்தால் புதுமை என்று கட்டுரை எழுதியிருப்போம். ‘தெரிந்து எழுதினாயா?’ என்று பையனைக் கேட்டேன். ‘இல்லை ஐயா, கலவைன்னு போட்டிருந்தது’ என்றான். சிவப்புச் சுழி இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். சரிதானா என்று இன்றும் தெரியவில்லை.

அந்த மாணவிக்கு நான் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. நான் ஆங்கில ஆசிரியனும் அல்லன். அந்தச் சொற்புத்தகத்தை மூடி வைக்கச் சொன்னேன். நூலகத்திலிருந்து அட்டை கிழிந்த ஹார்ன்பியை எடுத்துக் கொடுத்தேன். வாரத்துக்கு ஐந்து சொல் போதும், ஒவ்வொன்றுக்கும் மூன்று வாக்கியம், மூன்றும் நம் ஊரில் நடப்பதாக இருக்கவேண்டும், அகராதி வாக்கியத்தைப் பார்த்து எழுதக்கூடாது என்று மட்டும் சொன்னேன். ‘நொடோரியஸ்’ வேண்டாம் என்று முதலில் அழாத குறையாக மறுத்தாள். நான்காவது வாரம் அவளாகவே அதை எழுதிக்கொண்டு வந்தாள்.

முதல் வாக்கியம், சங்கரன்கோவில் சாலையில் ஒரு வளைவு விபத்துக்கு நொடோரியஸ் என்பது. இரண்டாவது, எங்கள் ஊர்ப் பேருந்து தாமதத்துக்கு நொடோரியஸ். இரண்டிலும் அந்தச் சொல்லுக்குப் பின்னால் ‘ஃபார்’ என்ற சின்னச் சொல் சரியான இடத்தில் நின்றது. ஆயிரம் சொல் புத்தகத்தில் அது இல்லை. மூன்றாவது வாக்கியத்தைக் காட்டத் தயங்கினாள். வாங்கிப் பார்த்தேன். விடைத்தாள்களைத் திருத்தித் திருப்பித் தராமல் வைத்திருப்பதற்கு எங்கள் தமிழையா நொடோரியஸ் என்று எழுதியிருந்தாள். திருத்த ஒன்றுமில்லை.